இபுப்ரோஃபென் மாத்திரையை உணவோடும் சத்து மாத்திரைகளோடும் சேர்த்து உட்கொள்ளும் முறை

வலிநிவாரணியான இபுப்ரோஃபென், வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்னும் உடல் வேதிப்பொருள்களைக் குறைக்கும்போது, இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் அதே வகைப் பொருள்களையும் குறைத்துவிடுவதால், வெறும் வயிற்றில் விழுங்குவதைத் தவிர்த்து, உணவுக்குப் பின்னரோ பாலுடனோ, ஒரு முழுக் குவளை நீருடன் எடுத்துக்கொள்ளுங்கள். வலி தணியச் சற்றுக் கூடுதல் நேரமாகலாம். அந்தத் தாமதம் பொறுத்துக்கொள்ளத் தக்கதே. மருத்துவர் மேற்பார்வையின்றி உட்கொள்ளும் பெரியவர்கள் ஒரு நாளில் 1200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகள் சிலவற்றிலும் இம்மருந்து இருப்பதால் அட்டையைப் படித்துப் பாருங்கள்.

மீன் எண்ணெய், ஜின்கோ என்னும் மூலிகை, பூண்டுச் சாறு மாத்திரை, அதிக அளவு வைட்டமின் ஈ ஆகியவை இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், இவற்றை உட்கொள்பவர்கள் முதலில் மருந்தாளுநரிடம் கேட்பது நல்லது. சமையலில் சேரும் பூண்டைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பொட்டாசியம் மாத்திரையும், பொட்டாசியம் கலந்த மாற்று உப்பும், குறிப்பாகச் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, இம்மருந்தோடு சேர்ந்து இரத்தத்தில் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தலாம். மதுவை அறவே தவிர்த்துவிடுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று இரும்புச்சத்து மாத்திரை. அது மலத்தைக் கறுப்பாக்குவதால், இரைப்பையில் இரத்தம் கசிவதைக் காட்டும் கறுத்த மலத்தையும் அதன் விளைவென்றே எண்ணிவிட நேரும். மலம் தார்போலப் பிசுபிசுப்பாக இருந்தாலோ, வயிற்றுவலியோ தலைசுற்றலோ சேர்ந்தாலோ, இபுப்ரோஃபென் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அணுகுங்கள்.