எஸ்க்யூஎல் லைக் (LIKE) தேடலில் % குறியை % ஆகவே தேடுவது எப்படி?

சலுகைப் பட்டியலில் "50%" என்று தேடினால் 500 ரூபாய் சட்டையும் 1500 ரூபாய் மிக்சியும் சேர்ந்து வந்து நிற்கிறதா? டேட்டாபேஸில் ஒரு வடிவத்தைக் கொடுத்துத் தேடும் லைக்குக்கு % என்றால் எத்தனை எழுத்தும் வரலாம், _ என்றால் ஏதாவது ஒரே ஒரு எழுத்து, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

இப்படி எழுதுங்கள்: LIKE '%50!%%' ESCAPE '!' (லைக், எஸ்கேப்). ஆச்சரியக்குறிக்கு அடுத்த % மட்டும் சாதா எழுத்தாகிவிடும், முதலிலும் கடைசியிலும் இருப்பவை பழைய வேலையையே செய்யும்.

பயனர் தட்டுவதைத் தேடுகிறீர்கள் என்றால் முதலில் அதிலுள்ள ! எல்லாவற்றையும் !! ஆக்குங்கள், அப்புறம்தான் % மற்றும் _ முன்னால் ! சேருங்கள், வரிசை மாறினால் நீங்களே போட்ட ! இரட்டிப்பாகி எல்லாம் குழம்பும். பாராமீட்டர் பைண்டிங் (பயனர் தந்ததை வினவலோடு ஒட்டாமல் தனியாக அனுப்புவது) போட்டாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள், அது பயனர் தட்டியதில் கட்டளையை நுழைக்கும் இன்ஜெக்‌ஷனைத்தான் தடுக்கும், இந்தக் குறிகளைத் தொடாது.

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய டேட்டாபேஸ்கள் இரண்டிலும் பின்சாய்கோடு (\) தானாகவே இந்த வேலையைச் செய்யும், எஸ்க்யூலைட்டிலும் ஆரக்கிளிலும் எஸ்கேப் என்று சொன்னால்தான் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் மேற்கோளுக்குள்ளும் பின்சாய்கோட்டுக்குத் தனி அர்த்தம் இருப்பதால் எத்தனை போடுவது என்று எண்ணியே தலைவலி வரும், அதனால் எனக்கு ! தான் பிடிக்கும். எஸ்க்யூஎல் சர்வர் என்றால் [ குறிக்கும் முன்னால் ஒரு ! போட்டுவிடுங்கள்.