பாய்ஸ் கம்பெனியில் விடப்பட்ட அண்ணன் தம்பி: நாவலுக்கு அடித்தளம் போடுவது

பாய்ஸ் கம்பெனி என்பது சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட குழு. முதலில் வயது அட்டவணை. கதை 1924இல் தொடங்குகிறது என்றால் அண்ணனுக்கு 10, தம்பிக்கு 6. அப்பா விட்டுப்போன நாள் இருவருக்கும் ஒரேமாதிரி நினைவிருக்காது. பெரியவன் கைமாறிய பணத்தைப் பார்த்திருப்பான். சின்னவனுக்கு மடியில் கட்டித்தந்த பொரியுருண்டைதான் ஞாபகம். அந்தக் காட்சியை இருவர் பார்வையிலும் எழுதி, முரண்படும் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கதை அங்கிருந்துதான் கிளம்பும்.

பலரும் சறுக்குவது புகழை எழுதும்போது. அண்ணன் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம் போடுகிறவன் என்றால், 'அவன் புகழ் ஊரெங்கும் பரவியது' என்ற வரியை அடித்துவிடுங்கள். நோட்டீஸில் அவன் பெயர் எத்தனையாவது வரி, எவ்வளவு பெரிய எழுத்து, பந்தியில் யாருக்கு முதலில் இலை போடுகிறார்கள் என்பதைக் காட்டுங்கள்.

1928இல் அண்ணனுக்கு மகரக்கட்டு, அதாவது குரல் உடைகிறது. ஹார்மோனியக்காரர் சுருதியை அரைக்கட்டை இறக்கிப் பார்க்கிறார்; மேல் ஸ்தாயியில் குரல் பிசிறடிக்கிறது. அதே சேலையைக் கொசுவத்தில் இன்னும் மடித்துத் தம்பிக்குக் கட்டுகிறார்கள். இதை அவசரப்படாமல், ஒரு முழு அத்தியாயமாகவே எழுதுங்கள்.

அப்பா திரும்பிவருவது பாதிக்கு மேல் வரட்டும். அவரை வில்லனாக்கினால் பிள்ளைகளின் ஏக்கம் பொய்யாகிவிடும். 1931இல் தமிழ்ப் பேசும்படம் வந்துவிடுகிறது. தம்பிக்கு அப்போது 13, அவன் குரலும் உடையப்போகிற வயது.