நாவுக்கு ஞானம் கேட்பது: ஒரு தையல் கடைக்காரி சொல்வது

களியக்காவிளையில் தையல் கடை வைத்திருப்பவளுக்கு ஊர்க்கதை தானாக வந்து சேரும். பாறசாலையிலிருந்து வருகிறவர்கள் மலையாளத்தில் சொல்வார்கள், மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள் தமிழில் சொல்வார்கள், கதை ஒன்றுதான். இது போதாதென்று சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்து வேலையும் என் தலையில் இருக்கிறது. அன்பாகவும் பார்த்தும் பேசுவதற்கு ஞானம் எப்படிக் கேட்பது என்று புதிதாகக் கல்யாணமான பெண்கள் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஜெபத்தைச் சுருக்குங்கள். "ஆண்டவரே, என் நாவைப் பரிசுத்தப்படுத்தும்" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு எழுந்தால், அரைமணி நேரத்தில் மாமியாரிடம் பழையபடிதான் பேசுவோம். யாரிடம், எந்தக் காரியத்தைப் பேசப் போகிறீர்கள் என்று ஆள் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும் என்கிற யாக்கோபு 1:5, அவரை "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்கிறது. ஆகவே "இந்த ஆளைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருது" என்பதையும் அவரிடம் மறைக்க வேண்டாம். அங்கே கொட்டிவிட்டால் வழியில் வேறு யாரிடமும் கொட்ட வேண்டியதில்லை. நேரமே இல்லையா, சங்கீதம் 141:3 போதும்: "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்." வாசல்படி ஏறும்போதே சொல்லிவிடலாம்.

கேட்டால் இனிப்பான வார்த்தை வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் கிடைப்பது நேரம்தான். எப்போது சொல்வது, யார் இல்லாதபோது சொல்வது என்கிற தெளிவு. 1 சாமுவேல் 25-ல் நாபாலின் மனைவி அபிகாயிலைப் பாருங்கள். நாபால் அவமதித்துவிட்டான் என்று தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு வருகிறான். அவள் 200 அப்பம், 5 ஆடு, திராட்சை வற்றல் குலை 100, அத்திப்பழ அடை 200 என்று கழுதைகள்மேல் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள். பிரசங்கத்தில் எல்லாரும் அந்தப் பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வருவது. வீட்டுக்குத் திரும்பினால் நாபால் விருந்து வைத்துக் குடித்து வெறித்திருக்கிறான். அன்று ராத்திரி அவள் அவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. விடிந்து, வெறி தெளிந்த பிறகே சொன்னாள். கேட்டதும் அவனுக்கு நெஞ்சு அடைத்துப்போனது வேறு விஷயம்.

மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற பிள்ளை, கமிட்டியில் குரல் ஏறிப்போன பெரியவர், ராத்திரி 11 மணிக்கு வாட்ஸாப்பில் வந்த குரல் பதிவு, எல்லாவற்றுக்கும் விடியட்டும். ஆனால் வீட்டில் அடி உதை என்றால் இது பொருந்தாது. அங்கே காத்திருக்கக் கூடாது, உடனே வெளியே வந்து யாரிடமாவது சொல்ல வேண்டும். அதையும் "பொறுமை" என்று போதிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

அன்பாகப் பேசுவது என்றால் ஆமாம் போடுவதும் இல்லை. சபையில் அறுப்பின் பண்டிகை முடிந்து நாளாகியும், காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்ட கணக்கைப் பொறுப்பாளர் வாசிக்கவில்லை என்று வையுங்கள். கூட்டத்தில் எழுந்து "பணம் எங்க போச்சு?" என்றால் அவர் மானத்துக்காகச் சண்டை போடுவாரே தவிர கணக்கு வராது. மத்தேயு 18:15 சொல்வதுபோல் முதலில் தனியாகப் போங்கள். "அண்ணே, ஏலக் கணக்கு எப்ப வாசிப்பீங்க? சங்கத்துல கேக்கிறாங்க, நான் பதில் சொல்லணும்." கேள்வி அதேதான், குற்றச்சாட்டு மட்டும் இல்லை. மழுப்பினால் அடுத்த வசனப்படி இன்னும் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

நம் சபைகளில் மிகவும் ஆபத்தான பேச்சு முழங்காலில் நின்று பேசுவதுதான். "ஜெபிக்கத்தான் சொல்றேன், வெளிய விடாதீங்க" என்று ஆரம்பித்தால், பக்கத்து வீட்டுப் பெண் ஏன் தாய்வீட்டுக்குப் போனாள் என்பதுவரை வந்துவிடும். அப்போது "அவ ஜெபத்துக்குச் சொல்லச் சொன்னாளாக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் பெயரை விட்டு ஜெபிப்போம், ஆண்டவருக்கு முகவரி தெரியும். கடையில் நான் வேறு வழி வைத்திருக்கிறேன். யாராவது ஆரம்பித்ததும் கத்தரிக்கோலை எடுத்து, "கொஞ்சம் பொறுங்கக்கா, கழுத்து வெட்டுறேன், இப்ப பேசினா அளவு மாறிரும்" என்பேன். துணியை மடித்து வைக்கும் நேரத்தில் நானே அவர் மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டுவிடுவேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

மரிச்ச வீட்டில் மட்டும் பேச்சுக்கே ஞானம் தேட வேண்டாம். யோபு பிள்ளைகளையெல்லாம் இழந்தபோது அவன் சிநேகிதர் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாதிருந்தார்கள். அதுவரை நல்லவர்கள்தான். அப்புறம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள், கடைசியில் யோபு 42:7-ல் கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள். "கர்த்தருடைய சித்தம்" என்பதை அந்த வீட்டார் சொன்னால் தலையாட்டலாம், நாம் போய் எடுத்துக் கொடுக்கக் கூடாது. "கஞ்சி குடிச்சியா மக்ளே?" போதும். குடிக்கவில்லை என்றால் அடுக்களைக்குப் போய்க் கஞ்சியும் பயறும் எடுத்து வாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாய் தவறினால், அன்றைக்கே போங்கள். "நான் சொன்னது தப்பு" என்று நிறுத்துங்கள், பின்னால் "ஆனா" என்று எதையும் சேர்க்காதீர்கள். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். தனியாக வாட்ஸாப்பில் கைகூப்பும் படம் அனுப்பினால் அது கணக்கில் வராது.