"1 போட்டுப் பார்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்

களுவாஞ்சிகுடியில் எங்கள் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தம்பி புதிதாக டியூசன் தொடங்கியிருக்கிறார். போன கிழமை தரம் 8 பிள்ளைகளிடம், "ரெண்டு கோவையும் சமனா எண்டு தெரியாட்டி 1 போட்டுப் பாருங்க" என்றார். கோவை என்றால் 3க + 2 போல எண்ணும் எழுத்தும் சேர்ந்தது; எழுத்துக்குப் பதிலாக 1 ஐ வைத்துப் பார்க்கச் சொல்கிறார். தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குக் காது கூசியது. 15 வருடத்துக்கு முன் அதே வசனத்தை நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இயற்கணிதம் படிப்பிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய சில இடங்களைச் சொல்கிறேன். அடைப்புக்கு முன்னால் கழித்தல் வந்தால் குறி மாறும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதை விடுகிறேன்.

1 போட்டுப் பார்த்தல்

தெரியாக்கணியத்தை க என்று வைப்போம். 3க + 2 ஐப் பிள்ளைகள் 5க என்று சுருக்குவார்கள். க = 1 என்று பிரதியிட்டால் இங்கும் 5, அங்கும் 5. பிழைக்கு நாமே சரி போட்டுக் கொடுக்கிறோம். "சேர், நீங்க சொன்ன மாதிரிப் போட்டுப் பார்த்தன், சரியா வந்திச்சு" என்று ஒரு மகள் எழும்பிச் சொன்னபோது எனக்கு வாய் அடைத்துவிட்டது. தவணைப் பரீட்சையில் என் வகுப்பில் பாதிப்பேர் 5க.

0 அதைவிட மோசம். (க + 3)² உம் க² + 9 உம் அங்கே 9 தான். 2 போட்டால் க², 2க இரண்டும் 4.

பெறுமானம் ஓரிடத்தில் வேறுபட்டாலே கோவைகள் சமனில்லை. அதற்கு ஒரு எண் போதும். சமன் என்று சொல்லத்தான் ஒரு எண் போதாது. ஒரே தெரியாக்கணியம், அடுக்கு 1 ஐத் தாண்டவில்லை என்றால் 2 வெவ்வேறு பெறுமானங்கள் ஒத்துவர வேண்டும். வர்க்கம் இருந்தால் 3. நான் இப்போது 7, -3 என்று போடவிட்டு, பிறகு விரித்தும் காட்டச் சொல்கிறேன்.

எழுத்தைப் பொருளாக்குதல்

"க எண்டா கத்தரிக்காய்" என்று தொடங்கினால் க² இல் மாட்டுவீர்கள். கத்தரிக்காயைக் கத்தரிக்காயால் எப்படிப் பெருக்குவது? க ஒரு சட்டித் தயிரின் விலை என்று சொல்லுங்கள். 3 சட்டியும் 20 ரூபாப் பை ஒன்றும் வாங்கினால் 3க + 20. அதை 23க என்று எழுதுகிறவனிடம், "23 சட்டிக்கா காசு கேக்கிறாய், மனே?" என்றால் போதும். சட்டிக்கு ஒரு பை என்றால் 3(க + 20). சட்டியும் பையுமாகச் சேர்த்துக் கூட்டினாலும், தயிரைத் தனியே பையைத் தனியே கூட்டினாலும் காசு 3க + 60 தான்.

விடைத்தாளில் 2(க + 3) ஐ வெட்டுதல்

2(க + 3) உம் 2க + 6 உம் ஒன்றுதான். "விரிக்க" என்று கேட்டிருந்தால் மட்டும் பிழை என்று வெட்டுங்கள்.

கோவையைத் தீர்த்தல்

சமன்பாடே இல்லாத இடத்தில் க = 4 என்று முடித்தால் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

நேற்று அந்தத் தம்பியிடம் 3க + 2, 5க இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். 1 போட்டார், தலையாட்டினார். 2 போட்டதும் பேனையை மூடிவிட்டார்.