எல்லை தாண்டும் கலைஞர் உறைவிடத் திட்டம்: விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெசிடென்சி என்று நாம் பொதுவாகச் சொல்லும் கலைஞர் உறைவிடத் திட்டங்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், குவாங் என்னும் ஊரில் பல்லாண்டுகளாக நடைபெற்று வரும் ரிம்புன் டஹான் போன்ற இடங்கள் கலைஞருக்கு முதன்மையாகத் தருவது இடமும் தனிமையும் நேரமும்தான். அங்கே தேர்வுக்குழு கலைஞரின் படைப்பைப் பார்க்கிறது. சமூக ஈடுபாட்டை மையமாகக் கொண்ட திட்டங்களில் குழுவின் பார்வை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கலைஞர் வந்து தங்கப்போகும் ஊர்க்காரர்களுக்கு அவர் வருவது தெரியுமா, அவர்கள் எந்த நேரத்தில் வந்து கலந்துகொள்ள முடியும், அவர் கிளம்பிய பிறகு அவர்களிடம் எது மிஞ்சும் என்ற மூன்று கேள்விகளுக்கு அது விடை தேடுகிறது. முதல் வகைக்கு எழுதிய விண்ணப்பத்தையே தலைப்பை மாற்றி இரண்டாம் வகைக்கும் அனுப்புவதுதான் சிங்கப்பூரிலிருந்து போகும் விண்ணப்பங்களில் நான் அடிக்கடி காணும் தவறு. கீழே சொல்லப்போகும் பிற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் நாடகக் கலைஞர் ஒருவர் ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் பெண்களோடு ஆறு வாரம் பணியாற்ற விண்ணப்பிக்கிறார் என்றால், கால அட்டவணையில் அநேகமாக ‘காலை 10 முதல் 1 வரை பயிலரங்கு’ என்றுதான் எழுதுவார். அந்த வரியைப் படித்ததுமே அந்த ஊரை அறிந்த நடுவருக்கு விண்ணப்பதாரர் அங்குள்ள யாரிடமும் பேசவில்லை என்பது தெரிந்துவிடும். காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுத்துப் பிரித்தனுப்புவது) முடிந்து மலைக்குப் போகும் பெண்கள், கடைசிக் கொழுந்து நிறுத்து, பிள்ளைக் காம்பரா என்னும் குழந்தைகள் காப்பகத்திலிருந்து குழந்தையை அழைத்துக்கொண்டு, லயன் எனப்படும் வரிசை வீட்டுக்குத் திரும்ப மாலையாகிவிடும்; அதன் பிறகுதான் தண்ணீரும் அடுப்பும் பிள்ளைகளின் பாடமும் தொடங்குகின்றன. இதற்கிடையில் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரம் எது, ஞாயிற்றுக்கிழமையில் எந்தப் பொழுது என்பதை அவர்களிடமே கேட்டறிந்து எழுதிய அட்டவணை, பக்கம் பக்கமாக எழுதிய கலைக்கோட்பாட்டைவிட வலுவானது.

பருவத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நாடகமும் ஓவியமும் கற்பித்து வாழும் நம் கலைஞர்கள் பலருக்கு ஜூன் விடுமுறைதான் ஓய்வுக்காலம் என்பதால், விண்ணப்பத்திலும் ஜூன் மாதமே இடம்பெறுகிறது. மலையகத்தின் மேற்குச் சரிவுகளிலோ மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. திறந்தவெளி அரங்கேற்றத்தை அந்த மாதத்தில் திட்டமிடுபவர் மழைக்கு மாற்றிடம் எது என்பதையாவது குறிப்பிட வேண்டும். அதேபோல, மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் தோட்டத்துக்குப் போய்ப் புதிதாக ஒரு ‘சமூக அரங்கு’ தொடங்குவதாக எழுதுவது, அங்கே ஏற்கெனவே ஓர் அரங்கு இருக்கிறது என்பதையே அறியாதவர் என்று தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பதாகும்.

நாமும் தமிழர், அவர்களும் தமிழர், ஆகவே நெருங்குவது எளிது என்ற நம்பிக்கை இன்னொரு கண்ணி. மலையகத் தமிழர் 1823ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு 2023இல் தங்கள் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அந்த அனுபவம் சிங்கப்பூர்த் தமிழருடையது அன்று. மலேசியாவிலும் நிலைமை மாறிவிட்டது. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்து, தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குப் போய்விட்ட பிறகும், தாத்தா சொன்ன தோட்டத்தையே மனத்தில் வைத்து எழுதப்பட்ட திட்டங்கள் இன்றும் வருகின்றன.

அடுத்தது ஆதரவுக் கடிதம். ‘இத்திட்டத்தை மகிழ்ச்சியுடன் வரவேற்கிறோம்’ என்று இரண்டு வரியில் முடியும் கடிதம் எதையும் மெய்ப்பிப்பதில்லை. எந்த மண்டபம், எந்தக் கிழமை, ஏறத்தாழ எத்தனை பேர், உள்ளூரிலிருந்து உடனிருக்கப் போகிறவர் யார் என்பவற்றைச் சொல்லும் கடிதம் வேண்டும். தோட்டங்களில் இது இரட்டிப்புச் சிக்கல்: தொண்டு அமைப்பு இசைந்தாலும், நிலமும் லயன்களும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருப்பதால் அதன் அனுமதியும் தேவைப்படலாம். நிர்வாகம் அனுமதித்தது என்பதாலேயே அங்கு வாழ்பவர்கள் இசைந்துவிட்டதாகவும் கொள்ள முடியாது.

நம் ஊர் மானிய விண்ணப்பங்களில் பழகிய கைகளுக்கு எண்ணிக்கையில் ஒரு தனி மோகம் உண்டு. தேசியக் கலைகள் மன்றத்துக்கோ சமூக மன்றத்துக்கோ எழுதும்போது எத்தனை பேரைச் சென்றடைவோம் என்று குறிப்பிடுவது இயல்பு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு மாலை நிகழ்ச்சிக்கு அந்தக் கணக்கு பொருந்தவும் செய்யும். ஆறு வாரம் ஒரே ஊரில் தங்கும் திட்டத்தில் ‘500 பேர் பயனடைவர்’ என்று எழுதினால் ஐயமே எழும். பதினைந்து பேர் வாரந்தோறும் திரும்பி வருவார்கள் என்று எழுதி, அவர்கள் ஏன் திரும்பி வருவார்கள் என்பதையும் விளக்கினால், அதை நம்பலாம்.

விண்ணப்பத்தில் பொய் சொல்லத் தெரியாத பகுதி என்று எனக்குத் தோன்றுவது வரவுசெலவுத் திட்டம்தான். சமூகமே மையம் என்று நான்கு பக்கம் எழுதியவரின் பட்டியலில் விமானக் கட்டணம், தங்குமிடம், ஒளிப்படக் கருவி, கலைஞர் ஊதியம் எல்லாம் இருக்கும். பங்கேற்பாளர் பெயரில் ஒரு வெள்ளிகூட இருக்காது. பேருந்துக் கட்டணம், தேநீர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், உள்ளூர் ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் ஆகியவை அங்கே இடம்பெற வேண்டும். குறித்த எடைக்குக் கொழுந்து பறிக்காவிட்டால் அரைப் பேர் (அரை நாள் வேலைக் கணக்கு) மட்டுமே போடப்படும் தோட்டத்தில், பயிலரங்குக்காக ஒருவர் முன்னதாகவே மலையிலிருந்து இறங்கினால் அந்த நாள் கூலியில் பாதி போய்விடும். அந்த இழப்பை யார் ஈடுசெய்வது என்று எழுதாத திட்டம், அதை அந்தப் பெண்ணின் தலையில் கட்டிவிடுகிறது. அந்த ஈட்டுத்தொகையைக் கொடுப்பதற்கு முன் உள்ளூர் அமைப்போடு கலந்துபேச வேண்டும். ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்குக் கொடுக்காமல் விட்டால் லயனுக்குள் மனத்தாங்கல் வரும்.

கதைகளும் படங்களும் யாருக்கு உரியவை என்பதைத் தெளிவாக்காமல் விடுவது அடுத்த தவறு. சிங்கப்பூரில் 2012 முதலும் இலங்கையில் 2022 முதலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; ஆனாலும் ஆங்கிலத்தில் மூன்று பக்கப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது இசைவு ஆகாது. தமிழில் வாய்மொழியாக விளக்கி ஒலிப்பதிவு செய்வது, சிங்கப்பூரில் காட்சிக்கு வைக்கும் முன் மறுபடி கேட்பது, பின்னர் மனம் மாறினால் விலகிக்கொள்ள வழி வைப்பது, சிறுவர் என்றால் பெற்றோரின் இசைவைப் பெறுவது ஆகியவற்றை விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும்.

பயண ஆவணங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல நாடுகள் சுற்றுலா வருகையையும் பிற நோக்கத்திலான வருகையையும் தனித்தனிப் பிரிவுகளாக வைத்திருப்பதால், பயிலரங்கு நடத்தப் போகிறவருக்கு எது பொருந்தும் என்பதை அழைக்கும் அமைப்பிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. தேசிய சேவைக் கடமை உள்ள ஆண்கள் நீண்ட பயணத்தை முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்.

தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ சிங்கப்பூருக்கு வர விண்ணப்பிப்பவர்களும் இதே தவறுகளை மறுபக்கத்திலிருந்து செய்கிறார்கள். ‘லிட்டில் இந்தியாவில் வெளிநாட்டு ஊழியர்களோடு பணியாற்றுவேன்’ என்று எழுதுபவர்கள், அந்த ஊழியர்களில் பெரும்பாலோருக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு என்பதையும், வீட்டுக்குப் பணம் அனுப்புவது, நண்பரைப் பார்ப்பது, தலைமுடி வெட்டிக்கொள்வது எல்லாம் அந்த ஒரே நாளில் அடங்கியாக வேண்டும் என்பதையும் கணக்கில் எடுப்பதில்லை. தங்குவிடுதிக்குள் நிகழ்ச்சி நடத்த விடுதியை நடத்துபவரின் ஒப்புதல் வேண்டும். பொதுமக்கள் பார்க்கும் நிகழ்ச்சியாக இருந்தால் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் தேவைப்படலாம்.

முன்னைய படைப்புகளுக்கான சான்றுகளை இணைக்கும்போது, மேடையில் ஒளிவெள்ளத்தில் நிற்கும் படங்களை மட்டும் அனுப்பாமல், ஒத்திகையில் பங்கேற்பாளர்கள் பேச, கலைஞர் கேட்டுக்கொண்டிருக்கும் காணொளித் துணுக்கு ஒன்றையாவது சேர்க்கலாம். அந்தக் காணொளியின் இணைப்பு கடவுச்சொல் கேட்காமல் திறக்கிறதா என்பதை, உங்கள் கணக்கில் நுழையாத வேறொரு கைப்பேசியில் சோதித்துவிட்டு அனுப்புங்கள்.