ஃபால்ஸ் ஸ்டார்ட்ல (சத்தத்துக்கு முந்தி கிளம்புறது) யாரையும் அநியாயமா அனுப்பாம ரேஸ் விடுறது எப்படி

கோத்தகிரி பக்கம் ஸ்கூல் ஸ்போர்ட்ஸ்ல ஸ்வெட்டர கழட்டிட்டு பனில வெறவெறன்னு நிக்குற புள்ள லேசா அசைஞ்சதுக்கே அவுட் சொல்லாதீங்க ப்ளீஸ். 2010ல இருந்து பெரிய போட்டில ஒரு தடவ முந்தினாலே வெளிய தான், 2011ல தென் கொரியா டேகுல நடந்த உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டர் ஃபைனல்ல உசைன் போல்ட்டே அப்படி தான் போனாரு, ஆனா அங்க கால வச்சு கிளம்புற பிளாக்ல சென்சார் இருக்கு, துப்பாக்கி சத்தத்துக்கு அப்புறம் 0.100 செகண்ட் ஆகுறதுக்குள்ள கிளம்பினா காட்டிரும், நம்மகிட்ட கண்ணு மட்டும் தானே. அதனால முதல் தடவ வார்னிங், அதே புள்ள மறுபடி முந்தினா மட்டும் எடுங்க.

முக்கியமா கிளாப்பர் (ரெண்டு கட்டைய தட்டி சத்தம் போடுறது) அடிச்சு ரேஸ் விடுறவங்க முதல் லேன் ஓரமா நிக்காதீங்க, எட்டாவது லேனுக்கு சத்தம் போக சுமார் 0.025 செகண்ட் லேட்டாகும், லேனுங்களுக்கு நடுவுல பத்து மீட்டர் பின்னாடி தள்ளி நில்லுங்க, ஓடுறவங்க கைய பாக்க சைடுல ஒருத்தர நிறுத்துங்க. செட் சொல்லி எல்லாரும் அசையாம ஆனப்புறம் அடிங்க, செட்டுக்கும் சத்தத்துக்கும் நடுவுல எப்பவும் ஒரே கேப் விட்டா எண்ணி வச்சு ஓடிருவாங்க.