டேப்பெட் சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் எங்கே பார்ப்பது?

குமுளி செக்போஸ்ட் பக்கம் விடியற்காலையில் நின்றால், கம்பம், கூடலூரிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவரும் ஜீப்புகளில் எதற்கு டேப்பெட் தட்டுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அப்படி ஒரு பழைய டீசல் ஜீப் போன மாதம் என் பட்டறைக்கு வந்தது. "அண்ணே, ஒரே மாசத்துல மூணு தடவை டேப்பெட் வச்சாச்சு. நீங்களும் ஒரு தடவை வச்சு விட்ருங்க" என்றார் டிரைவர் தம்பி.

கேம் (முட்டை வடிவ மேடுகள் உள்ள தண்டு) சுற்றும்போது டேப்பெட்டைத் தூக்கும், டேப்பெட் புஷ்ராட் என்ற நீளக் கம்பியைத் தள்ளும், அது ராக்கர் என்ற நெம்புகோலைச் சாய்க்கும், ராக்கரின் மறுமுனை (மூக்கு) வால்வைத் திறக்கும். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளியை ஸ்க்ரூவால் சரிசெய்வதுதான் டேப்பெட் வைப்பது. மூன்று முறை வைத்தும் இடைவெளி திறந்துகொண்டே போனால் உள்ளே ஏதோ கரைகிறது என்று அர்த்தம். ஸ்க்ரூவை இறுக்குவது அதை மூடி மறைக்கத்தான் உதவும். அந்த வண்டியை வைத்தே, தேய்மானத்தைப் படிப்பது எப்படி என்று சொல்கிறேன். புஷ்ராடும் ஸ்க்ரூ அட்ஜஸ்ட்மென்டும் உள்ள நான்கு சிலிண்டர் இன்ஜின்களுக்கான முறை இது. ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் உள்ளவற்றுக்கு வழி வேறு.

முதல் வேலை: இருக்கிற இடைவெளியை எழுதுங்கள்

ராக்கர் கவரைக் கழற்றியதும் ஸ்பானரை எடுக்காதீர்கள். நோட்டை எடுங்கள். நாலாம் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் (புகை போகும் வால்வு) மூடி இன்லெட் (காற்று வரும் வால்வு) திறக்கிற அந்தக் கணத்தில் ஒன்றாம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஒன்றுக்கு நாலு, இரண்டுக்கு மூன்று என்று ஜோடி. ஃபீலர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) விட்டு எட்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டுமா, சூடாக இருக்க வேண்டுமா என்பதை அந்த வண்டியின் மேனுவலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

போன தடவை வைத்ததைவிட இடைவெளி கூடியிருந்தால் கேம், டேப்பெட், புஷ்ராட், ராக்கர் இந்த வழியில் எங்கோ தேய்மானம். குறைந்திருந்தால் வால்வு தன் சீட்டுக்குள் (மூடும்போது உட்காரும் வளையத்துக்குள்) அமிழ்கிறது. இப்படிக் குறைவது சத்தமே போடாது, அதுதான் ஆபத்து. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் உட்காரும்போதுதான் இறக்கி வைக்கிறது. முழுசாக மூட முடியாத வால்வு கருகிவிடும். தட்டுகிற வண்டியைவிட, திடீரென்று அமைதியான பழைய வண்டியைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

இரண்டாவது: கழற்றும் முன் ஓடவிட்டுப் பாருங்கள்

கவர் இல்லாமல் ஐடிலில் ஓடவிடுங்கள். ஆயில் தெறிக்கும், ஓரத்தில் அட்டை வையுங்கள், லுங்கியை ஒதுக்கிக் கட்டுங்கள். ஒவ்வொரு ராக்கரிலும் ஆயில் கசிந்து வர வேண்டும். அப்புறம் புஷ்ராடுகளில் முன்கூட்டியே பெயிண்டால் ஒரு புள்ளி வைத்திருந்தால், அவை மெதுவாகச் சுற்றுவது தெரியும். டேப்பெட் சுற்றினால் பெரும்பாலும் புஷ்ராடும் கூடவே சுற்றும். புள்ளி அசையாத இடத்தில் டேப்பெட் ஒரே கோட்டில் உரசிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. அதன் கேம் மேட்டுக்கு ஆயுள் குறைவு.

இன்ஜின் 2000 ஆர்பிஎம்மில் ஓடினால் கேம் அதில் பாதி, 1000 சுற்று. ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1000 முறை திறக்கிறது, மணிக்கு 60,000 முறை. ஆயில் இல்லாமல் இதைத் தாங்கும் இரும்பு கிடையாது.

நம்ம ஜீப்பில் ஏழு ராக்கர் பளபளவென்று நனைந்திருந்தன. நாலாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட், அதாவது ராக்கர்கள் கோத்திருக்கும் ஷாஃப்டின் கடைசி ராக்கர், காய்ந்து கிடந்தது.

மூன்றாவது: வரிசை மாறாமல் கழற்றுங்கள், கழுவாதீர்கள்

ராக்கர் ஷாஃப்ட் போல்ட்களை ஒவ்வொன்றாக முழுசாகக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் ஸ்பிரிங் தள்ளினால் ஷாஃப்ட் வளையும். அட்டைப்பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு எண் எழுதி, புஷ்ராடுகளை அதில் குத்தி வையுங்கள். டேப்பெட்டைக் கழற்றினால் முட்டை அட்டைதான் நல்ல இடம். ஓடிய டேப்பெட் தான் இருந்த குழிக்கே திரும்பிப் போக வேண்டும். புதுக் கேமுக்குப் பழைய டேப்பெட் போடவே கூடாது.

டீசலில் கழுவும் அவசரம் வேண்டாம். கவரின் உள்பக்கம் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர். தென்மேற்கு மழைக்காலத்தில் கொஞ்ச தூரமே ஓடி நிற்கிற வண்டியில் இது சாதாரணம். ஆனால் ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். கறுப்புக் களி படிந்திருந்தால் ஆயில் மாற்றத் தாமதம்.

நான்காவது: தடத்தைப் படியுங்கள்

எல்லாப் பாகமும் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தால் ஆயில், ஃபில்டர், ஏர் கிளீனர் பக்கம் போங்கள். மெல்லிய இணைகோடுகள் என்றால் தூசி. அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் என்றால் உலோகம் களைத்துப் பெயர்கிறது. இழுவிய மெழுகு போல இருந்தாலோ, நீலம் பாரித்திருந்தாலோ ஆயில் படலம் அறுந்து இரும்பும் இரும்பும் உரசியிருக்கின்றன.

டேப்பெட்டின் அடிமுகம் தட்டை போலத் தெரியும், பல இன்ஜின்களில் கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்திருக்கும். இரண்டு டேப்பெட்டை முகத்தோடு முகம் வைத்து ஆட்டிப் பாருங்கள். அப்படிப்பட்டவை நல்ல நிலையில் இருந்தால் லேசாக ஆடும். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் முடிந்தது.

ராக்கர் மூக்கில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். வால்வு முனை அதில் குழி தோண்டியிருக்கும். ஃபீலர் தகடு குழிக்குள் இறங்காது, பாலம் மாதிரி மேலே கிடக்கும். கேஜ் சரியான அளவு காட்டும், சத்தம் நிற்காது. நகத்தால் குறுக்கே கீறுங்கள், விளிம்பு தட்டும். இந்த ஜீப்பில் நகம் நன்றாகவே மாட்டியது. முன்பு டேப்பெட் வைத்தவரைக் குறை சொல்ல மாட்டேன், தகடு அவரிடம் பொய் சொல்லியிருக்கிறது.

ஷாஃப்டைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். புஷ்ராடும் வால்வு ஸ்பிரிங்கும் ராக்கரை மேல்நோக்கித் தள்ளுவதால் தேய்மானம் கீழேதான் விழும். கடைசி ராக்கர் உட்காரும் இடத்தில் படி மாதிரி இறங்கியிருந்தது. அந்த ஆயில் ஓட்டையில் கம்பி விட்டேன், போகவில்லை. உள்ளே களி இறுகியிருந்தது.

புஷ்ராடைக் கண்ணாடிமேல் உருட்டுங்கள், வளைந்தது துள்ளும். வளைந்திருந்தால் வால்வு அதன் கைடில் (அது ஏறி இறங்கும் குழாயில்) சிக்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குமுளியிலிருந்து லோயர் கேம்புக்கு இறங்கும் மலைப்பாதையில் தவறிக் கீழ் கியருக்குப் போனீர்களா என்று டிரைவரிடம் கேளுங்கள். கவர்னர் (இன்ஜின் வேகம் மீறாமல் பார்க்கும் கருவி) டீசலைத்தான் நிறுத்தும், சக்கரம் இன்ஜினைத் தள்ளுவதை நிறுத்தாது.

ஐந்தாவது: கேம் போயிருக்கிறதா?

இதற்கு இன்ஜினை இறக்க வேண்டாம். புஷ்ராட் தலையில் டயல் கேஜ் (நகர்வை முள்ளால் காட்டும் கருவி) வைத்து, கையால் இன்ஜினைச் சுற்றி, எவ்வளவு ஏறுகிறது என்று எடுங்கள். நான்கு இன்லெட்டையும் தங்களுக்குள், நான்கு எக்ஸாஸ்ட்டையும் தங்களுக்குள் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தக் கேம் மேடு தேய்ந்திருக்கிறது.

இங்கே நாலு இன்லெட்டும் ஒரே அளவு, நாலு எக்ஸாஸ்ட்டும் ஒரே அளவு ஏறின. இன்ஜின் இறக்கணுமோ என்று பயந்து நின்ற தம்பி அப்போதுதான் டீ வாங்கிவரப் போனார்.

புது ஷாஃப்ட், ஒரு ராக்கர், ஆயில், ஃபில்டர். ஷாஃப்டுக்கு ஆயில் ஏறும் வழியை ஊதிச் சுத்தம் செய்தேன். பழைய ஷாஃப்டை மட்டும் கழுவிப் போட்டிருந்தால் அந்தப் படி புது ராக்கரையும் தின்றிருக்கும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொல்லி, அதே எட்டு எண்களை மறுபடி எடுத்தேன். எட்டாவது எண் வைத்த இடத்திலேயே இருந்தது.